கன்னத்தில் மட்டும்

பதினெட்டு மீட்டர் ஆரம்.
தேவாலயச் சுவரையும் சாக்லேட் கடையையும்
இடிக்க எவருக்கும் மனம் வராததால்
இங்கே டிராம்தான்
உடம்பை ஒடித்துக்கொள்கிறது.

கெண்ட் நகரம். இரவு ஒன்றரை.
கம்பியில் மின்சாரம் நிறுத்தியாயிற்று.
முழங்காலுக்கு ஒரு ரப்பர்த் துண்டு போட்டு
தண்டவாளத்தின் பக்கவாட்டில்
அளவுகோலை அணைக்கிறேன்.
டார்ச் பிடிக்கும் யோரன் கேட்கிறான்,
"எவ்வளவு?"
"பதினொன்று புள்ளி நான்கு."
போன மாதம் பதினொன்று புள்ளி ஒன்று.
நாலு தலைமுடிக் கனம் போய்விட்டது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும், சரி.
இந்த எறும்பு முப்பத்தெட்டு டன்,
ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை ஊர்கிறது.

ஒரே அச்சில் அறைந்த இரண்டு சக்கரங்கள்.
திருப்பத்தில் வெளிச்சக்கரத்துக்கு வழி நீளம்,
உள்சக்கரத்துக்குக் குறைவு,
சுற்று மட்டும் இரண்டுக்கும் ஒன்றே.
கணக்குத் தீர ஏதாவது ஒன்று
வழுக்கித்தான் ஆகவேண்டும்.
அந்த வழுக்கலுக்குத் தொண்டை உண்டு.
மூன்றாம் மாடிக் கண்ணாடி வரை எட்டும்.

மூன்றாம் மாடியில்
தியோஃபீல் ஃபான் ஹாவர்மாட்,
இரவெல்லாம் ரொட்டி சுட்டுப்
பகலில் படுப்பவர்.
அவர் கடிதங்கள் என் மேசையில் பதினாறு.
'அம்மணி, உங்கள் இரும்பு இன்றும்
பன்றியை உயிரோடு அறுத்தது.'

திடீரென்று கடிதம் நின்றது.
சந்தோஷப்பட்டோம்.
அந்த வாரமே ஒரு காலை வண்டி
நிறுத்தத்தைத் தாண்டி
இரண்டு மீட்டர் போய் நின்றது.
ஓட்டுநர் நெஸ்ரின் சொன்னாள்:
"நான் பிரேக் பிடித்தேன்.
அதுதான் பிடிக்கவில்லை."

தண்டவாளத்தைத் தொட்டு முகர்ந்தேன்.
எங்கள் கிரீஸ் கறுப்பு, வாசனை கிடையாது.
இது மஞ்சள்,
லவங்கப்பட்டை மணம்.

மாவுக் கையோடு ஒப்புக்கொண்டார்.
மூன்று விடியல், ஒரு தூரிகை, ஒரு டப்பா கொழுப்பு.
"தட்டில் ரொட்டி ஒட்டினால் தடவுவேன்.
இதுவும் ஒட்டித்தானே கத்துகிறது?"

மருந்து சரி. இடம்தான் பிசகு.
நடைபாதை ஓரம் குந்தி உட்கார்ந்து காட்டினேன்:
இது தலை, சக்கரம் நிற்பது இதன்மேல்.
இது கன்னம், சக்கர விளிம்பு உரசுவது இங்கே.
தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாத
ஒரே பிறவி தண்டவாளம்.
கன்னத்தில் மட்டும்,
அதுவும் ஈரம் தெரியாத அளவுக்கு.

"அப்படியானால் உங்கள் எண்ணெய் எங்கே?"

நல்ல கேள்வி.
யோரன் தெருவோர இரும்பு மூடியைத் திறந்தான்.
பம்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது.
கன்னத்தில் நாங்கள் துளைத்த எட்டுக் கண்களிலும்
பிப்ரவரித் திருவிழாவில் வீசிய
வண்ணக் காகிதத் துணுக்குகள்,
இளஞ்சிவப்பும் பச்சையுமாக
மெழுகு போல் இறுகிக் கிடந்தன.
பதினோரு வாரம்
தன் வயிற்றுக்குள்ளேயே எண்ணெயைத் தள்ளியிருக்கிறது.

தேய்மானத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில்
நான் 'வேகம்' என்று எழுதியிருந்தேன்.
நெஸ்ரினை மனதில் வைத்து.
அதை அடித்துவிட்டு, மறுநாள்
அவளுக்கு ஒரு காப்பி வாங்கிக்கொடுத்தேன்.
எதற்கென்று சொல்லவில்லை.

ஊசியால் ஒவ்வொரு கண்ணாகக் குத்தி எடுத்தோம்.
வெந்நீரும் சவுக்காரமும் விட்டுத்
தலையைத் தேய்த்துக் கழுவினோம்.
வாளி தூக்கியவர் தியோஃபீல்.

போன இரும்பு போனதுதான்.
தட்டானாவது சேதாரம் என்று
கணக்கில் எழுதி வாங்குகிறான்.
இங்கே அது சாம்பல் நிறத் தூசு,
ஒரு மழைக்கு லையே ஆற்றில் இருக்கும்.
யார் கணக்கிலும் ஏறாது.

ஜூலை. இரவு ஒன்றரை.
"எவ்வளவு?"
"பதினொன்று புள்ளி ஐந்து."
"ஜூன்?"
"பதினொன்று புள்ளி ஐந்து."
யோரன் டார்ச்சை அணைத்தான்.
பிறகு ஏற்றினான்.
இன்னொரு முறை அளந்தோம்.

திங்களன்று மேசையில் பதினேழாவது கடிதம்,
உறையின் மூலையில் எண்ணெய்க் கறை:
'அம்மணி, டிராம் இப்போது கேட்பதில்லை.
அதனால் தேவாலய மணி கேட்கிறது,
கால் மணிக்கு ஒருமுறை.
அதற்கு எங்கே தடவுவது?'