ஒன்பதாவது கேள்வி

காட்பாடி மூன்றாம் நடைமேடையில்
காலி பாட்டில் பொறுக்கிய லோகுவைப்
பிடித்து வந்தார்கள்.
மீட்டோம் என்றுதான் எழுத வேண்டும்.
எழுதினேன்.

வீட்டைப் பார்த்துவிட்டு வா என்றார்கள்.
குடியாத்தம் பேருந்தில் நின்றபடியே போனேன்
படிவம் மடங்காமல்.

கௌண்டன்யா ஆற்றோரம், எட்டுக்குப் பத்து.
அஞ்சலா எழுந்திருக்கவில்லை.
மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும்.
"குந்து மேடம். தோ, இந்தக் கட்டு முடிஞ்சிடும்."

தனிக் கழிப்பறை?
"ஆறு கீது."
குழந்தைக்குத் தனிப் படுக்கை?
சிரித்தாள்.
வருமானம்?
ஆயிரம் பீடிக்கு ஒரு கணக்குச் சொன்னாள்.
சொத்தை என்று ஏஜெண்டு கழித்ததைக் கழித்து
மறுபடி சொன்னாள்.
கழித்த பீடியை அவர் எறிவதில்லையாம்,
அதையும் விற்கிறாராம்.
அதற்குக் கட்டமில்லை.

தகப்பன்?
மேற்கே கை காட்டினாள்.
மேற்கே பெங்களூரும் இருக்கிறது
சுடுகாடும் இருக்கிறது.
தகவல் இல்லை என்று குறித்தேன்.

ஒன்பதாவது:
பராமரிப்பின்மைக்கான அறிகுறிகள்.

சுவரில் ஓர் ஆணி.
ஆணியில் பள்ளிக்கூடச் சட்டை,
சொம்பில் நெருப்பு அள்ளிப் போட்டுத் தேய்த்தது.
கைமடிப்பு இன்னும் கலையவில்லை.
பன்னிரண்டு நாளாய்த் தொங்குகிறது.

"இல்லத்துல அவனுக்கு மாசம் எவ்ளோ ஆவுது?"
சொன்னேன்.
சொல்லியிருக்கக் கூடாது.
அவள் கை அப்போதுதான் முதல்முறை நின்றது.
"அதுல பாதி எங்கிட்ட குடுத்தா
அவன் இன்னாத்துக்கு ரயில் ஏறப் போறான்?"

உதவித்தொகைத் திட்டம் ஒன்று இருக்கிறது அஞ்சலா.
அதற்கும் மனு இருக்கிறது.
போன ஆடியில் நான் அனுப்பிய மனுக்கள்
எந்த மேசையில் என்று
எனக்கும் தெரியாது.
இதைச் சொல்லவில்லை,
தண்ணீர் கொடுத்தாள், குடித்தேன்.

முதுகலையில் சமூகநீதி எனக்கொரு தாள்.
அறுபத்தெட்டு வாங்கினேன்.
எந்தக் கேள்விக்கு என்ன எழுதினேன் என்று
திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன்.
விரிஞ்சிபுரம் தாண்டும்வரை
ஒரு வரிகூட வரவில்லை.

ஒன்பதுக்கு நேரே
"சட்டை தேய்த்து வைக்கப்பட்டுள்ளது"
என்று எழுதிக் கொடுத்தேன்.
சிவப்பு மையில் திரும்பி வந்தது:
இது எதற்கான பதில்?
வெள்ளிக்குள் திருத்தித் தரவும்.

இல்லத்து ஜன்னல் கம்பியில்
முகம் பதித்து நிற்கிறான் லோகு.
ஒவ்வொரு ரயிலுக்கும்
யாரும் கேட்காமலே சொல்கிறான்:

இது குடியாத்தத்துல நிக்கும்.
இது நிக்காது.
இது நிக்காது.
இது நிக்கும்.