கச்சான் இல்லாத பேசின்

வகுப்பில் எல்லோரும் ஏதோ ஒன்றுக்குக் கை தூக்கினார்களாம்.
மிஞ்சியது இனிப்பு.
'அப்பா செய்வார்' என்று
என்னைக் கேளாமலே எழுதிக் கொடுத்துவிட்டாள் யாதவி.
முப்பத்தெட்டுப் பிள்ளைகள். நாளைக்குக் காலமை.

நான் பழைய சோனகத் தெருவில்
ஆணிக்கும் பிணைச்சலுக்கும் கணக்கெழுதுகிறவன்.
கேக் சுடுகிற அவன்
எங்கள் வீட்டில் இல்லை, இருப்பது இந்த அவன்தான்.
மனுசிக்கு களுபோவில ஆஸ்பத்திரியில் இரவு முறை.
போனில் ஒரு வரி:
'ஒண்டும் சுடாதீங்கோ. கலவுங்கோ.'

புறக்கோட்டையில் அரைக் கிலோ வறுத்த கச்சான்,
தோல் ஊதியது.
கோர்ன்ஃபிளேக்ஸ், மாரி பிஸ்கட்,
வெள்ளைச் சொக்லேட். (விலையை அவளுக்குச் சொல்லவில்லை.)
மார்ஷ்மெலோ பைக்கற்றைத் திருப்பி
எறும்பெழுத்தை வாசித்தேன்: ஜெலற்றின்.
ஷிம்றா தின்ன மாட்டாள்.
எடுத்த இடத்திலேயே வைத்தேன்.
அந்த ஒரு வைத்தலுக்காக
நூறாம் நம்பர் பஸ்ஸில் வெள்ளவத்தை மட்டும்
நெஞ்சை நிமிர்த்தி நின்றுகொண்டு வந்தேன்.
இருக்க இடமும் இல்லைத்தான்.

பெரிய பாத்திரமென்று எங்களிடம் இருப்பது
உடுப்பு ஊறவைக்கிற நீலப் பேசின்.
மூன்று தரம் கழுவினேன்.
நாலாம் தரம் முகர்ந்து பார்த்தேன்.
சுடுதண்ணிக்கு மேல் கிண்ணம்,
கிண்ணத்துக்குள் சொக்லேட் கட்டிகள்
மூலை இழந்து
முகம் இழந்து
ஊற்றலாம் என்றாகிற நேரம்
கடற்கரை ரயில் போனது, கரண்டிகள் கிலுங்கின.
கிளறவில்லை, புரட்டினேன்,
நித்திரைப் பிள்ளையைப் புரட்டுவதுபோல.

கொழும்பு வெக்கையில் எது இறுகும்?
பிரிஜ்ஜிலிருந்த மீனையும் இடியப்ப மாவையும்
இடம்பெயர்த்துத் தட்டை உள்ளே வைத்தேன்.

பத்து நாற்பது.
தண்ணி குடிக்க எழும்பி வந்தவள் சொன்னாள்:
'ஷிம்றாவுக்குக் கச்சான் ஏலாது அப்பா.
போன வருசம் சொண்டு வீங்கி
ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவை.'
'ஏன் முந்தியே சொல்லேல்லை?'
'நீங்கள் கேக்கேல்லை.'

ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி எடுக்கலாமோ
என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.
கணக்குப் பிழைத்தால் பேரேட்டில் கோடு கீறலாம்.
இதில் கீற ஏலாது.
எடுத்த பிறகும்
கச்சான் இருந்த இடத்தில் கச்சான் இருக்கும்.

ஷட்டரை அரைவாசி இறக்கிய கடைக்குள்
குனிந்து போனேன்.
ஒவ்வொரு சொக்லேட்டையும் திருப்பித் திருப்பி வாசிக்க
முதலாளி லைற்றை ஒருதரம் அணைத்துப் போட்டார்.
கடைசியில் பொரி, பேரீச்சம்பழம், ஒரு போத்தல் கித்துள் பாணி.

கையை முழங்கை மட்டும் கழுவினேன்,
சத்திரசிகிச்சைக்குப் போகிறவன்போல.
பேசினைத் தொடவில்லை.
சோறு அவிக்கிற சட்டிக்குள்
பாணி நூல் விடும்வரை காய்ச்சி
(சுடவில்லை, காய்ச்சினேன்)
பொரியைக் கொட்டினேன்.
கரகரவென்று ஒட்டிக்கொண்டது.
வடிவில்லை.
தவிட்டு நிறம், அங்கங்கே பழத்தின் கறுப்பு.
இரண்டு தரம் ருசி பார்த்தேன்,
மூன்றாம் தரம் பார்த்தது ருசிக்காக அல்ல.

மற்றத் தட்டைக் கீழே கொண்டுபோனேன்.
வாசலில் காவலுக்கிருந்த ஜயசுந்தர
பிறந்தநாளா என்றார்.
இல்லை, பிழை என்றேன்.
ஒரு கட்டியை வாயில் போட்டு
இந்தப் பிழையைக் கிழமைக்கொருதரம் விடச் சொன்னார்.

அடுத்த நாள் பின்னேரம்
டப்பா வெறுமையாய் வந்தது.
'ஷிம்றா சாப்பிட்டவளோ?'
'அவள் வரேல்லை அப்பா, காய்ச்சலாம்.'
சொல்லிவிட்டுச் சப்பாத்துக் கழற்றப் போனாள்.

டப்பாவைக் கழுவி மூடப் பார்த்தேன்.
மூடி வேறு யாருடையதோ.
ஒரு பக்கம் அமத்தினால்
மற்றப் பக்கம் எழும்புகிறது.
அதைத்தான் இப்போதும் சீனிக்குப் பாவிக்கிறோம்.
எறும்பு வருகிறது.