பக்கம் சொல்

முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் மேசையைச் சுற்றி நின்று
கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.
துக்கமில்லை, ஃபார்மலின்.
முப்பத்தொரு வருடமாக இதைச் சொல்லித்தான் தொடங்குகிறேன்.
ஒருத்தி மட்டும், போன ஜூலையில்,
"எனக்கு ரெண்டும்தான் மேடம்" என்றாள்.

வாய்மொழித் தேர்வில் என் கேள்வி ஒன்றே.
தட்டில் ஒரு கண். பக்கம் சொல்.
வலதா, இடதா?
நரம்பு நட்டநடுவில் புறப்படுவதில்லை,
மூக்கை நோக்கிச் சற்றே ஒதுங்கும்.
அதைப் பார்த்தவர்கள் தேறினார்கள்.
"தேனம்மை வந்தால் அரியர்"
என்று கழிவறைச் சுவரில் இருந்தது.
எழுத்துப்பிழை இல்லை, விட்டுவிட்டேன்.

திங்கள்கிழமை காரைக்குடிச் சந்தையில்
மைதீன் பாய் ஆட்டுக்கண்களைத்
தூக்குவாளியில் எடுத்து வைத்திருப்பார்.
படிப்புக்கு என்றால் காசு வாங்கமாட்டார்.
பஸ்ஸில் வாளி என் மடியில்.
"குழம்பா?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.
ஆமாம் என்றேன்.

கருவிழியின் உட்புறம் ஒற்றை அடுக்குச் செல்கள்.
ஆத்தங்குடிக் கல்லுக்கு மூலை நாலு,
இவற்றுக்கு ஆறு.
ஒன்று பெயர்ந்தால் வேறு கல் வராது.
பக்கத்துக் கல் அகன்று படுத்து
அந்த இடத்தை மூடும்.
நான் எண்ணியது அவற்றைத்தான்.
வட்டி எழுதிய வீட்டில் பிறந்தவள்,
வரவே இல்லாத பேரேட்டைப் பிடித்துக்கொண்டேன்.
நாலு கட்டுரை.
ஒன்றைப் பதினோரு பேர் மேற்கோள் காட்டினார்கள்,
இருவர் மறுப்பதற்காக.

நாட்டரசன்கோட்டையிலிருந்து ராத்திரி ரெண்டு மணிக்கு போன்.
சாத்தப்பன் போய்விட்டார், மகள் பேசினாள்.
ஆறு மணி நேரம்தான் கெடு.
கண் வங்கி டாக்டருடன் பனிப்பெட்டியோடு போனேன்.
"கண்ணாத்தா ஊர்ல கண்ணை எடுக்கிறதா?"
வளவில் பங்காளிகள் எழுந்து நின்றார்கள்.
"அவ குடுத்தது. அவ கேக்கட்டும்,
நான் பதில் சொல்லிக்கிறேன்"
என்று மகள் விளக்கைத் தூக்கிப் பிடித்தாள்.
கை ஆடவில்லை. பார்த்தேன்.

வலது கண் மதுரைக்குப் போயிற்று, யாருக்கோ.
இடதுக்கு எண்ணிக்கை போதவில்லை,
என் மேசைக்கு வந்தது.

விடிந்து, கோயில் வாசல் கடையில்
வெள்ளிக் கண்மலர் ஒரு ஜோடி கேட்டேன்.
உள்ளங்கையில் வைத்ததும் பழக்கம் விடவில்லை:
கண்ணீர் மூலை
இரண்டிலும் ஒரே பக்கம்.
"இதுல வலது இருக்கா?"
கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.
பிறகு தட்டைக் கவிழ்த்துத் தானும் தேடினார்.
நானும் குனிந்து தேடினேன்.
இருநூறு கண்ணாவது இருக்கும்.
ஒரே அச்சு.

சரி, ரெண்டு இடது கொடுங்க என்றேன்.