பாய்லர் குடிக்கிற தண்ணீர்

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வருகிற வகுப்பு.
காரைக்குடி வெயில் மூன்றாம் மாடிவரை ஏறிவந்து உட்கார்ந்திருக்கும்.
அலகு நான்கு: தொழில்நுட்ப வணிகமயமாக்கல்.
எழுதி முடிப்பதற்குள் சாக்பீஸ் உடைந்துவிடுகிற சொல்.
இந்த ஊர்க்காரர்கள் கப்பலேறிய காலத்தில்
இதற்குச் சின்னதாய் ஒன்று வைத்திருந்தார்கள்:
கொண்டுவிக்கப் போவது.
கொண்டு போ. வில்.
நடுவில் கிடக்கிற கடலைப் பற்றி
அந்தச் சொல்லும் வாய் திறக்கவில்லை.

ஜெசிந்தாவின் ஆய்வகம் ரயில் பாதைக்கு அந்தப்பக்கம்.
சுண்ணாம்புத் தண்ணீரில் இரண்டு தகடுகளை முக்கி
மின்சாரம் கொடுத்தால்
ஒன்றில் சுண்ணாம்பெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.
ஏழு வருடம், ஒரு காப்புரிமை,
அறுபத்தொரு மேற்கோள்கள்
(ஒன்பது அவளே அவளைக் காட்டியது).
அவள் மனத்தில் இருந்தது ஒரு பள்ளிக்கூடம்,
பிள்ளைகள் புத்தகப்பைக்குச் சமமாக
வீட்டுத் தண்ணீர் சுமந்துவருகிற பள்ளிக்கூடம்.
அதனிடம் பணம் இல்லை.
பணம் உள்ளவர்களிடம் கேன் தண்ணீர் இருந்தது.

மாணவர்களை அனுப்பினேன்.
இருபது பேரிடம் பேசுங்கள்,
தகட்டைப் பற்றி மூச்சு விடாதீர்கள்,
எதைத் திட்டுகிறார்கள் என்று மட்டும் எழுதிவாருங்கள்.

பத்தொன்பது பேர் வங்கியைத் திட்டியிருந்தார்கள்.
இருபதாவது புதுவயலில் ஒரு ரைஸ் மில்.
தவிட்டுத் தூசியோடு நோட்டை விரித்து
நவாஸ்கான் வாசித்தான்:
“குடிக்கிற தண்ணிய விடுங்க தம்பி,
என் பாய்லர் குடிக்கிற தண்ணிக்கு ஒரு வழி சொல்லுங்க.
மாசத்துல ஒருநாள் அடுப்ப அணைச்சுட்டு
குழாய்க்குள்ள சுண்ணாம்பு கொத்துறேன்.
அன்னிக்கு அவியாத நெல்லுக்கு யாரு பொறுப்பு?”
வகுப்பு சிரித்தது.
கடைசி வரியை மறுபடி வாசிக்கச் சொன்னேன்.
அவியாத நெல்லுக்கு ஒரு விலை உண்டு.
மூட்டைக்கு இவ்வளவு என்று
அவர் விரல்விட்டே சொல்லிவிடுவார்.

“பாய்லருக்கா” என்றாள் ஜெசிந்தா,
கேள்விக்குறி இல்லாமல்.
இரண்டு வாரம் என் போனை எடுக்கவில்லை.
பிறகு ஒரு சனிக்கிழமை தானே மில்லுக்கு வந்தாள்.
ஆவியில் மங்கிய மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு
தரையில் கிடந்த குழாயைத் தூக்கி
ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தாள்.
நெடுநேரம் பார்த்தாள்.

மில்காரர் சேவுகப்பெருமாளின் மைத்துனருக்கு லேத் பட்டறை.
உரிமம் அவர் பேரில், ராயல்டி மூன்று சதவீதம்.
கீழே ஒரு வரியை அவள் பேனாவால் சேர்த்தாள்:
பத்து விற்றால் பதினோராவது பள்ளிக்கு, இலவசம்.
“இருபதுன்னு போடுங்கம்மா” என்றார் மைத்துனர்.
பதினாறில் நின்றது.
இன்றுவரை விற்றது நான்கு.

இதையெல்லாம் நான்தான் எழுதினேன்.
கேஸ் ஸ்டடி, பதினெட்டுப் பக்கம்,
கற்பிப்பவருக்கான குறிப்புகள் தனி.
நல்ல இதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது.
அதைக் காட்டி எனக்கு இணைப் பேராசிரியர் பதவி,
சம்பளம் கூடி, அரியரும் வந்தது.
மைத்துனர் போட்ட முதல் இன்னும் திரும்பவில்லை.
நிர்வாகம் பிடித்ததுபோக ஜெசிந்தாவின் பங்கு
ஒரு டேபிள் ஃபேனுக்குக் காணாது.
ஐந்தொகை எடுத்துப் பார்த்தால்
அந்தத் தகட்டால் லாபம் கண்டவள்
நான் ஒருத்திதான்.

இந்தப் பருவத் தேர்வில் கேட்டிருந்தேன்:
இத்தொழில்நுட்பத்தின் தொழில்முனைவோர் யார்?
காரணம் தருக. பதினைந்து மதிப்பெண்.
பலர் ஜெசிந்தா என்றார்கள், சிலர் மைத்துனர்.
நவாஸ்கானின் பெயரையும் ஒருத்தி எழுதியிருந்தாள்,
அவனே அல்ல.
ஒரே ஒரு விடைத்தாளில்
என் பெயர் இருந்தது, இனிஷியலோடு.
அதற்குக் கீழே வெறும் தாள்.

பதினொன்று போட்டேன்.
காரணம் தராததற்கு
நான்கு குறைத்து.