புகார்

ஓல்டனில் புகார் இரண்டு வகை.
ஒன்று ஆரே ஆற்றிலிருந்து எழும்,
ஒக்டோபரில் ஏறி உட்கார்ந்தால் தை வரைக்கும் இறங்காது.
மற்றது எதிர்வீட்டிலிருந்து.

முதலாவது இல்லாத ஒரு புதன் இரவு.
எனக்கு வேலை இல்லாத இரவும் அதுதான்.
மற்ற இரவுகளில் ஹேர்கிங்கனில் பொதி பிரிக்கிறேன்;
கூரைக்கு மேல் என்ன நடந்தாலும்
என் காதுக்கு எட்டாது.

பழம்பொருள் கடையில் எண்பது பிராங்குக்கு வாங்கிய கமரா.
லென்ஸுக்குள் பூஞ்சணம் என்று
விற்றவனே சொன்னான். நல்லவன்.

முதல் படம்: வெள்ளைத் துளை.
இரண்டாவது: அதே துளை, கொஞ்சம் கோணல்.
மூன்றாவதை எடுக்கும்போது
கீழே பாசல் பக்கம் சரக்கு ரயில் போனது.
பல்கணி நடுங்கியது.
நிலவுக்கு வால் முளைத்தது.

நிலவு நிற்கிறது என்றுதான்
நாற்பத்தாறு வயதுவரை நினைத்திருந்தேன்.
பெருப்பித்துப் பார்த்தால் நடக்கிறது,
கடைசி பஸ்ஸுக்குப் போகிறவளின் நடை.
இரண்டு நிமிடத்தில் தன் அகலம் முழுக்க நகர்ந்துவிடுகிறது.
நான் வளையத்தைத் திருகி முடிப்பதற்குள்
சட்டத்தில் வெறும் கறுப்பு.
துரத்தித் துரத்தி முக்காலியின் ஆணி கழன்று
யாருடைய பூச்சட்டியிலோ விழுந்தது.

பிறகுதான் இந்த மரமண்டைக்கு உறைத்தது:
இரவு எனக்குத்தான்.
அங்கே வெயில்.
கொளுத்தும் வெயிலில் கிடக்கிற கல்லை
இருட்டு, இருட்டு என்று
இவ்வளவு நேரம் ஒளி ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நண்பகலுக்கு வைப்பதுபோல் வைத்தேன்.
நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு நொடி.
விரல் நடுக்கம்கூடத் தொடாமல்
பத்து நொடி தவணை கொடுத்துவிட்டு
கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன்.

வந்தது.
முயல்கறை, பள்ளங்களின் விளிம்பு,
விளிம்பில் விழுந்த நிழல்.
முயலின் காதோரம் ஒரு புள்ளி,
அது அங்கே உள்ளதா, பூஞ்சணமா
இன்றுவரை தெரியாது.

அழைப்புமணி.
வாசலில் ஃபிராவ் நிஃபெனெக்கர்,
குளியல் அங்கியோடு றோட்டைக் கடந்து வந்திருக்கிறாள்.
கையில் தொலைபேசி, பொலிஸுக்கு ஓர் எண் மட்டும் பாக்கி.
என் படுக்கையறையை
எதற்குப் படமெடுக்கிறாய்?

நாலாம் பிறை பார்த்தவன் நாய் படாத பாடு படுவானாம்.
நான் பார்த்தது பத்தாம் நாள் நிலவு,
அது போய் அவளுடைய புகைபோக்கியில் உட்கார்ந்ததற்கு
நான் என்ன செய்ய.
நள்ளிரவு தாண்டினால் எனக்கு ஜெர்மன் வராது.
கமராவையே நீட்டினேன்.

கண்ணாடியை விட்டுவிட்டு வந்திருந்தாள்.
என்னுடையதை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.
பார்த்தாள்.
தொலைபேசி அங்கியின் பைக்குள் போனது.
“இதுவா என் கூரைக்கு மேலே?”
“இதுதான்.”
“வாடகை தராமல்?”

தன்னையும் அதோடு சேர்த்து எடுக்கச் சொன்னாள்.
பல்கணிக் கம்பியோரம் நிறுத்தினேன்.
நிலவுக்கு அளந்தால் அவள் இல்லை:
அங்கி, நரைமுடி, முகம் எல்லாம்
இரவோடு இரவாக.
அவளுக்கு அளந்தால் நிலவு இல்லை,
பழையபடி துளை.
இருவரையும் ஒரே சட்டத்தில் இருத்துகிற கமரா
எண்பது பிராங்குக்குக் கிடைக்காது
என்று கைகளால் விளக்கினேன்.

இரண்டையும் மாறி மாறிப் பார்த்து
கறுப்பாய் விழுந்ததைத்தான் தெரிந்தெடுத்தாள்.
“இதில் எனக்கு வயது தெரியவில்லை.”

அடுத்த நாள் இறங்கிய புகார்
பதினேழு நாளாய் எழும்பவில்லை.
வெள்ளிக்கிழமைகளில் குப்பைப் பையோடு
எதிரெதிரே வருவோம்.
அவள் விரலை மேலே காட்டிப் புருவம் உயர்த்துவாள்.
நான் கையை விரிப்பேன்.

என் கண்ணாடி இன்னும் அவளிடம்தான்.
கேட்க வேண்டும்.