இந்தச் சாளரத்தில் மட்டும்

டோர்ஷாவ்ன் துறைமுகத்தில் காற்று
படகுக் கயிறுகளை இழுத்துப் பார்க்கிறது.
ஏழு மணிக்குள் சீட்டு நிரல் எழுந்தாக வேண்டும்.

ஜாவா, நீ எந்தப் பதிப்பு?
மார்யுன் தட்டச்சிட்டுக் கேட்கிறாள்.
இருபத்தொன்று, என்கிறது.
பக்கத்துச் சாளரத்தில் கேட்டால்
எட்டு, என்கிறது, கொஞ்சமும் கூசாமல்.

படகிலுள்ள பழைய பெட்டிக்கு எட்டுதான் செரிக்கும்.
இரவு அவள் ஆக்கி அனுப்பியதை
வாயில் வைக்காமலே திருப்பியிருந்தது:
ஐம்பத்திரண்டுக்கு மேல் எனக்கு எண்ணத் தெரியாது,
நீ அறுபத்தைந்தைக் கொண்டுவந்திருக்கிறாய்.

ஜாவாவின் வீடு இனி இது என்று
ஒரு வரி எழுதினாள்.
மறுபடி கேட்டாள்.
இருபத்தொன்று.
வீடு மாறிவிட்டது, வழி மாறவில்லை.
கால்கள் பழைய வாசலுக்கே போகின்றன.

கோபன்ஹேகனிலிருந்து அழைப்பு.
டேனிஷில் இரண்டு நிமிடம் பணிவு.
வைத்த கையோடு
ஃபரோயியில் கணினிக்கு ஒரு வசவு.
அவளுக்குள் எதையும்
யாரும் நிறுவியதில்லை.

பாதையின் தலைப்பில் எட்டை ஏற்றினாள்,
இருபத்தொன்றைப் பின்னால் தள்ளினாள்.
கேட்டாள். எட்டு.
சமைத்தாள், அனுப்பினாள்,
விரல் நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

ஆறு ஐம்பத்தொன்றுக்கு
ஹெயின் படகிலிருந்து அழைத்தான்:
"சீட்டு வருகிறது.
ஓர் ஆள், ஒரு சைக்கிள், தெற்குத் தீவு.
மை மட்டும் மங்கல்."

சாளரத்தைப் பழக்கத்தில் மூடிவிட்டாள்.
புதிதாய் ஒன்றைத் திறந்து
சும்மா கேட்டாள்.

இருபத்தொன்று.

வெளியே படகு சங்கூதிக் கிளம்பியது.
நல்லவேளை.