பதினோரு வினாடி

தெற்கு டகோட்டா. பிப்ரவரி.
கவுண்டி அலுவலகத்தில் என் வேலை
கையெழுத்துக்குப் பக்கத்தில் கையெழுத்தை வைத்துப் பார்ப்பது.

விதைக்கடை வாசலில் நின்று
டார்லா ப்யெர்க் வாங்கிய கையெழுத்துகள்.
மை உறைந்துபோகும் என்று பேனாவை
அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தாளாம்.
பாதிப் பெயர்கள் வெறும் கீறலாகத் தொடங்கி
நடுவில்தான் நீலமாகின்றன.
அவள் கட்சி சின்னது.
சீட்டில் இடம்பிடிக்க
இரண்டாயிரத்து நானூறு பேர் வேண்டும்.

நாற்பத்தோராம் தாள், ஆறாம் வரி:
ஆர்வில் ட்வெட்.
பழைய ஓட்டுநர் உரிமத்தில்
வேலிக்கட்டை போல் நிமிர்ந்த எழுத்து.
இதில் வேலி சாய்ந்து கிடந்தது.
பொருந்தவில்லை என்று எழுதினேன்.
அடுத்த தாளுக்குப் போனேன்.

கட்சிக்கு நான்கு குறைந்தது.

சூ ஃபால்ஸ் நீதிமன்றத்தில் கேட்டார்கள்:
எவ்வளவு நேரம் பார்த்தீர்கள்?
பதினோரு வினாடி.
அவருக்குப் பக்கவாதம் வந்தது தெரியுமா?
தெரியும்.
எப்படி?
உருளைக்கிழங்கும் பாலாடையும் சுட்டு
அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
கரண்டியை அவரால் பிடிக்க முடியவில்லை.
பிறகு ஏன்?
தாளை மட்டும் பார்க்கச் சொல்கிறது விதி.

தட்டச்சு செய்கிறவள்கூட
ஒரு நொடி நிறுத்தினாள்.

தீர்ப்பு முப்பத்தொரு பக்கம்.
பத்தொன்பதாம் பக்கத்தில், நீதிபதி
முந்தைய வழக்குகளையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு
ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்:
கை நடுங்கினால் கருத்து நடுங்கியதாகாது.
அவரோடு இன்னும் ஆறு பேரைத் திருப்பிச் சேர்த்தார்.
சீட்டின் அடியில், கடைசி வரியாக,
டார்லாவின் கட்சி அச்சேறியது.

என் பெயர் அந்தத் தீர்ப்பில் இல்லை.
'சரிபார்த்த ஊழியர்' என்று இருக்கிறது. ஒன்பது இடத்தில்.
அன்றிரவு என் விவாகரத்துப் பத்திரத்தையும்
நூலக அட்டையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன்.
என்னையும் நான் நிராகரித்திருப்பேன்.

நவம்பர். பள்ளி உடற்பயிற்சிக் கூடம்.
ஊன்றுகோலோடு ஆர்வில் வந்தார்.
நீள்வட்டத்தை நிரப்பினார், மை கரைதாண்டி ஓடியது,
இயந்திரம் சீட்டைத் துப்பியது.

மறுபடி போட்டார்.
மறுபடி துப்பியது.

பின்னால் பதினேழு பேர், ஈரக் காலணிகள்.
யாரோ இருமினார்கள்.
பழையதைச் செல்லாதென்று குறித்து
புதுச் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன்.
நாற்காலி போட்டேன்.
இடக்கையால் வலக்கை மணிக்கட்டை அழுத்திப் பிடித்து
மெதுவாகத் தொடங்கினார்.

எந்த வட்டம் என்று
நான் பார்க்கவில்லை.